இதெல்லாம் ஒரு பாட்டா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் பொறுக்கும் கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் வாசம் வரும். பிறகு, தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் முறத்தைத் தட்டும் சத்தம். நிறம் மாறாத பச்சைக்காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது தனி, சிறுத்தது தனி. கண்ணும் விரலும் வேலையில் இருக்க, யாராவது ஒருவர் மெல்ல ஒரு மெட்டை இழுப்பார். பக்கத்தில் இருப்பவர் அதைத் தொடர்வார். நோட்டை எடுத்துக்கொண்டு, “அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடுங்களேன்” என்று நான் கேட்டதும் அது நின்றுவிட்டது. சிரிப்புதான் மிஞ்சியது. “இதெல்லாம் ஒரு பாட்டாக்கா? வாய் சும்மா கெடக்காம எதையாவது மொணங்குறது. எழுதுற அளவுக்கு இதுல என்ன இருக்கு?”

கிட்டத்தட்ட இதே பதிலைச் சொன்ன இன்னொரு பெண் உண்டு. அவர் பாரிஸில் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் இசையமைப்பாளர்களில் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். பெயர் நாதியா பூலான்ஜே. 1911இல், 23-24 வயதில், குழல் ஆர்கனுக்காக மூன்று சிறிய இசைப் படைப்புகளை எழுதினார். அதற்குப் பிறகு சுமார் பத்தாண்டுகளில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். தன் இசை கெட்டது என்றுகூட அவர் சொல்லவில்லை, பயனில்லாதது என்றார். 1979இல் 92 வயதில் இறக்கும்வரை அந்த முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

ஒரு பெண் தன் படைப்பைப் பற்றித் தானே சொல்லும் தீர்ப்பை நாம் வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? அந்த மூன்று படைப்புகளின் கதை வழியாக இதைக் கேட்டுப் பார்க்கிறேன்.

துருத்தியும் குழலும்

குழல் ஆர்கனை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்க மாட்டோம். சென்னையில் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல் போன்ற பழைய தேவாலயங்களில் இருக்கிறது. பார்வைக்குப் பியானோபோல வரிசையாகக் கட்டைகள். ஆனால் வேலை செய்யும் முறை வேறு. கொல்லன் உலையில் இருப்பதுபோன்ற பெரிய துருத்தி ஒன்று காற்றை ஒரு பெட்டியில் நிரப்பும். கட்டையை அழுத்தினால் வழி திறந்து, காற்று அந்தச் சுரத்துக்குரிய குழலில் ஏறி ஊதும். ஒரே வாத்தியத்தில் விரலளவுக் குழலும் இருக்கும், 32 அடிக் குழலும் இருக்கும். எந்த வகைக் குழல்கள் ஒலிக்க வேண்டும் என்பதை வாசிப்பவர் பக்கத்தில் உள்ள குமிழ்களை இழுத்துத் தீர்மானிப்பார். கைகளுக்குக் கட்டை வரிசைகள். கால்களுக்கும் தனியாக ஒரு வரிசை. மின்சாரம் வரும் முன்பு இந்தத் துருத்தியை மிதிக்கவோ இழுக்கவோ பின்னால் ஆள் நிற்க வேண்டும். கேட்பவர்கள் அவரைப் பார்ப்பதில்லை. அவர் நிறுத்தினால் இசையும் நின்றுவிடும்.

இதே வேலையைச் சிறிய பெட்டிக்குள் அடக்கியதுதான் ஆர்மோனியம். குழலுக்குப் பதில் உலோக நாக்குகள். பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அது காலால் மிதிப்பது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கும்படி மாற்றினார். பிறகு அது நாடக மேடை, பஜனை, ஜெபக்கூட்டம், கட்சிக் கூட்டம் என்று எல்லா இடத்துக்கும் போனது. கமகம் பிடிக்க வராத வாத்தியம் என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கியது. 1971இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. நம் மலையடிவாரத்துக்கு அந்த விலக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. போடி, தேவாரம், கம்பம் பக்கத்துச் சிறிய தேவாலயங்களில் எத்தனையோ பெண்கள் முதலில் தொட்ட வாத்தியம் ஆர்மோனியம்தான்.

நாதியாவின் மூன்று படைப்புகளின் தலைப்பில் ஒரு குறிப்பு உண்டு: “ஆர்கன் அல்லது ஆர்மோனியத்துக்கு.” கதீட்ரலில் உட்காரும் மேதைக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல அது. கிராமத்துத் தேவாலயத்தில் ஒரே ஒரு ஆர்மோனியத்தோடு இருப்பவரும் வாசிக்கலாம். அதில் பயனில்லாதது என்ன இருக்கிறது?

மாடியில் ஓர் ஆர்கன்

நாதியா பிறந்தது 1887இல். அப்பா எர்னஸ்ட் பூலான்ஜே இசையமைப்பாளர், பாரிஸ் இசைக் கல்லூரியில் குரலிசை ஆசிரியர். அம்மா ரைஸா ரஷ்யாவிலிருந்து வந்தவர். தங்கை லிலி சின்ன வயதிலிருந்தே நோயாளி. 1900இல் அப்பா இறந்தபோது நாதியாவுக்குப் பன்னிரண்டு வயது. குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு தன்மேல் விழப்போகிறது என்பது அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருந்தது. 1904இல், 16 வயதில், அதே கல்லூரியில் ஆர்கன், பக்கவாசிப்பு, ஃபியூக் மூன்றிலும் முதல் பரிசு பெற்றார். ஃபியூக் என்பது ஒரே கருவைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிக்கொண்டு போகும் இசை வடிவம். அந்த வருடமே வீட்டில் பாடம் சொல்லித்தரத் தொடங்கினார். ரூ பலூ தெருவில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டில் ஓர் ஆர்கன் இருந்தது. மாணவர்கள் வந்து போகும் அந்தக் கூடம்தான் அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு அவருடைய பள்ளிக்கூடம்.

ஆர்கன் வகுப்பில் பெண்கள் முதல் பரிசு வாங்குவது அப்போது புதிதல்ல. பார்வையற்ற ஜோசஃபின் பூலே 1888லேயே வாங்கியிருந்தார். ஆனால் பரிசு வேறு, பதவி வேறு. பாரிஸின் பெரிய தேவாலயங்களில் தலைமை ஆர்கன் கலைஞர் என்ற இருக்கை ஆண்களுக்கானது. நோத்ர-தாமில் லூயி வியேர்ன், சான்-சுல்பீஸில் ஷார்ல்-மாரி விதோர். மாத்லேன் தேவாலயத்தில் தன் ஆசிரியர் கேப்ரியல் ஃபோரேவுக்குப் பதிலாக நாதியா பலமுறை வாசித்திருக்கிறார், பதில் ஆளாக. அதே மாத்லேனில் ஒரு பெண், ழான் தெமெஸ்யூ, தலைமை இருக்கையில் உட்கார 1962 வரை ஆனது.

ரோம் பரிசு என்ற அரசுப் போட்டி அன்றைய பிரெஞ்சு இசையமைப்பாளர்களுக்கு ஐ.ஏ.எஸ். தேர்வு போல. அப்பா எர்னஸ்ட் 1835இல் வென்றவர். பெண்கள் அதில் கலந்துகொள்ள 1903இல்தான் அனுமதி கிடைத்தது. நாதியா பலமுறை முயன்றார். 1908இல் போட்டியாளர்களுக்கு ஒரு கருவைக் கொடுத்துக் குரலுக்கு ஃபியூக் எழுதச் சொன்னார்கள். அந்தக் கரு நரம்பு வாத்தியங்களுக்கே பொருந்தும் என்று கருதிய நாதியா, நால்வர் வாசிக்கும் ஃபியூக்காக எழுதினார். நடுவர்களில் ஒருவரான மூத்த இசையமைப்பாளர் கமில் சான்-சான்ஸ் கோபப்பட்டார். பத்திரிகைகள் எழுதின, விவகாரம் அமைச்சர்வரை போனது. நாதியா போட்டியில் தொடர்ந்தார். கிடைத்தது இரண்டாம் நிலைப் பரிசு. முதல் பரிசு எந்த வருடமும் வரவில்லை.

அந்தப் போட்டியில் ஒரு பையன் தன் செவியை நம்பி விதியை மீறியிருந்தால் துணிச்சல் என்று பெயர் கிடைத்திருக்கலாம். 20 வயதுப் பெண் செய்ததால் அடக்கமின்மை ஆனது. பெண்கள் இந்தத் துறையில் எப்படிப் பார்க்கப்பட்டார்கள் என்பதற்கு இன்னொரு சான்று மெல் போனிஸ். மெலனி என்ற தன் பெயரை ‘மெல்’ என்று வெட்டிக்கொண்டார், எழுதியது ஆணா பெண்ணா என்று தெரியாமல் இருக்கட்டும் என்று. அவரும் ஆர்கனுக்கு நிறைய எழுதியவர்.

மூன்று படைப்புகள்

இந்தப் பின்னணியில்தான் 1911இன் மூன்று படைப்புகள் வருகின்றன: முன்னிசை, சிறு கேனன், கற்பனை வாசிப்பு. அன்றைய ஆர்கன் இசையமைப்பாளர்களின் தொகுப்பு ஒன்றில் அவை அச்சாயின. ஒவ்வொன்றும் சில நிமிடங்களே. முன்னிசை தாழ்ந்த குரலில், ஜெபத்தின் நடையில் தொடங்கி, மெல்ல எழுந்து நிரம்பி, திரும்ப அடங்குகிறது. ஆர்ப்பாட்டம் இல்லை. விரல் வேகத்தைக் காட்டும் இடம் ஒன்றுகூட இல்லை.

எனக்குப் பிடித்தது சிறு கேனன். கேனன் என்றால் ஒரு குரல் தொடங்கிய மெட்டையே இன்னொரு குரல் கொஞ்சம் பின்னால் எடுத்துக்கொண்டு வருவது. நம் கும்மியில் ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் திருப்பிப் பாடும்வரை நிற்பாள். கேனனில் முதல் குரல் நிற்பதில்லை, மேலே போய்க்கொண்டே இருக்கும். பின்னால் வரும் குரலும் அதே மெட்டோடு கூடவே நடக்கும். இரண்டும் எந்த இடத்தில் மோதினாலும் இனிக்க வேண்டும். அப்படி எழுதுவது கடினம். நாதியாவின் கேனன் கேட்பதற்குத் தாலாட்டுபோல எளிமையாக இருக்கும். கணக்கு உள்ளே மறைந்திருக்கும். சில ஆண்டுகள் கழித்து அவர் செல்லோவுக்கும் பியானோவுக்கும் மூன்று படைப்புகளை வெளியிட்டபோது, அவற்றில் இரண்டை இந்த ஆர்கன் படைப்புகளிலிருந்தே எடுத்துக்கொண்டார். உலகம் இன்று அவரது இசையை அதிகம் கேட்பது அந்தச் செல்லோ வடிவத்தில்தான். அவரே பயனில்லாதது என்று சொன்ன மெட்டு இரண்டு வாத்தியங்களில் உயிரோடு இருக்கிறது.

நிறுத்தியது யார்?

1913இல் தங்கை லிலி ரோம் பரிசின் முதல் இடத்தை வென்றார். இசையில் அதை வென்ற முதல் பெண் அவர், வயது 19. 1914 ஜனவரியில், நாதியாவோடு சேர்ந்து ஓர் ஆப்ரா எழுதிக்கொண்டிருந்த பியானோ கலைஞர் ராவுல் ப்யூன்யோ, இருவரும் இசைப் பயணம் போயிருந்த மாஸ்கோவில் இறந்தார். அந்த வருடமே போர் வந்தது, ஆப்ரா மேடையேறவில்லை. 1918 மார்ச்சில், 24 வயதில், லிலியும் போய்விட்டார். 1917இல் ஃபிளெமிஷ் நாட்டு மெட்டுகளை வைத்து ஆர்கனுக்கு ஒரு படைப்பும், பிறகு சில பாடல்களும் எழுதினார் நாதியா. 1920களின் தொடக்கத்தோடு சரி. தன் இசை பயனற்றது என்று ஃபோரேயிடம் சொன்னபோது, ஃபோரே அதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

இதை வழக்கமாக எப்படிச் சொல்கிறார்கள்? தங்கைதான் உண்மையான மேதை. அக்கா அதை உணர்ந்து பெருந்தன்மையோடு ஒதுங்கினார். வாழ்நாளெல்லாம் தங்கையின் இசையைப் பரப்பினார். தியாகக் கதை. நமக்குப் பழகிய கதையும்கூட. தம்பி படிப்பதற்காகப் பள்ளியை விட்ட அக்காக்கள் இல்லாத தெரு நம் ஊரில் இருக்கிறதா? அந்தக் கதையில் அன்பு பொய்யில்லை. நாதியா லிலியை நேசித்தது உண்மை, தன்னைப் பற்றிக் கறாராக இருந்ததும் உண்மை. ஆனால் தியாகம் என்ற சொல் வந்ததும் மற்றக் காரணங்கள் எல்லாம் மறைந்துவிடுகின்றன.

அந்தக் காரணங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் அப்பாவை இழந்தவர். பதினாறு வயதிலிருந்து பாடம் சொல்லிக் கொடுத்து வீட்டை நடத்தியவர். நோயாளித் தங்கைக்கும் அம்மாவுக்கும் பொறுப்பு. முதல் பரிசு கிடைக்கவில்லை. பெரிய தேவாலயத்தில் நிரந்தர இருக்கை கிடைக்க வழியில்லை. ஆப்ரா எழுதினால் கூட்டாளி இறக்கிறார், போர் வருகிறது. இசையமைப்பதில் பணம் வரவில்லை, பாடத்தில் வந்தது. இசை ஆசிரியை என்பது ஒரு பெண்ணுக்கு அந்தச் சமூகம் தடையில்லாமல் அனுமதித்த வேலை. இத்தனைக்கும் பிறகு ஒருவர் “என் இசை பயனற்றது” என்று சொன்னால், அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்திருந்தாலும், அவரே மட்டும் எழுதிய தீர்ப்பா அது?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாதியா பெண்ணுரிமை பேசியவர் அல்லர். 1937இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் சொசைட்டியின் முழு நிகழ்ச்சி ஒன்றை நடத்திய முதல் பெண் ஆனபோதும், 1938இல் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்தியபோதும், ‘பெண்’ என்ற சொல்லை முன்னால் போட்டுக் கேட்ட கேள்விகளை அவர் ரசிக்கவில்லை. அவரை நம் கொடியின் கீழ் இழுத்து நிறுத்த வேண்டியதில்லை. ஒருவர் தன்னைப் பற்றி என்ன நினைத்தார் என்பதும், அவரைச் சுற்றி எந்தக் கதவுகள் மூடியிருந்தன என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

பதிலாக அவர் கட்டியது பெரிது. ஆரன் கோப்லாண்ட், ஆஸ்தர் பியாசோலா, குவின்சி ஜோன்ஸ், ஃபிலிப் கிளாஸ் என்று அந்த மாடி வீட்டுப் பட்டியல் நீளும். பெண்களும் வந்தார்கள்: போலந்தின் கிரஷினா பாசெவிச், ஸ்காட்லாந்தின் தியா மஸ்கிரேவ், அமெரிக்காவின் லூயிஸ் தால்மா. 1925 ஜனவரி 11 அன்று நியூயார்க்கில் கோப்லாண்ட் எழுதிய ஆர்கன் சிம்பொனி முதன்முதலாக ஒலித்தது. அவர் அதை எழுதியது நாதியா வாசிப்பதற்காக. ஆர்கனில் உட்கார்ந்தவர் நாதியா. கோப்லாண்டுக்கு அப்போது 24 வயது. தன் மூன்று படைப்புகளை எழுதியபோது நாதியாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அன்று அமெரிக்க இசையில் ஒரு பெயர் பிறந்தது. அந்தப் பெயர் பிறக்கக் காற்று கொடுத்தவர், ஆர்கனுக்குத் தான் எழுதுவதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்.

சுருளிமலையும் பண்ணைப்புரமும்

அதே ஆண்டுகளில் நம் பக்கம் என்ன நடந்தது? கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிமலையில் கருணானந்த முனிவரிடம் மருத்துவம் கற்ற ஓர் இளைஞர் தஞ்சாவூரில் ஆசிரியராகவும் பிறகு மருத்துவராகவும் இசை ஆராய்ச்சியாளராகவும் ஆனார். ஆபிரகாம் பண்டிதர். 1917இல் வெளிவந்த அவரது ‘கருணாமிர்த சாகரம்’ தமிழிசை ஆய்வின் அடிக்கல். அவர் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியை. மருத்துவத் தொழிலில் உடன் உழைத்தவர். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் பண்டிதர் தன் சுருதிக் கணக்கை முன்வைத்தபோது, அந்தக் கணக்கு காதுக்கு நிற்குமா என்பதை இசைத்துக் காட்டியவர்களில் அவர் மகள் மரகதவல்லியும் ஒருவர். சுருதி என்பது தாளில் தீர்கிற விஷயமல்ல. குரலோ தந்தியோ அதை நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணத்தில் ஒரு பெண்ணின் பங்கு இருந்தது. நூலின் அட்டையில் இருப்பது தந்தையின் பெயர். அது நியாயமானதுதான், எழுதியவர் அவர். ஆனால் மரகதவல்லியின் பெயரை நம் இசை மாணவிகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

இன்னும் கிட்டே வாருங்கள். போடியிலிருந்து தேவாரம் வழியாகப் போனால் பண்ணைப்புரம். இளையராஜாவின் ஊர். அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர் அவர். மகன்கள் சென்னைக்குக் கிளம்பியபோது அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்றுப் பணம் கொடுத்ததை இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தச் சம்பவத்தை நாம் எப்போதும் தாயின் தியாகமாகவே சொல்கிறோம். அந்த அம்மாவுக்குப் பாட்டு தெரியும், அவர் பாடியதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்பதை அதே அழுத்தத்தோடு சொல்வதில்லை. விற்ற வானொலி கதையில் இருக்கிறது. பாடிய குரல் அடிக்குறிப்பில் இருக்கிறது.

அச்சும் நோட்டும்

நாதியாவின் தீர்ப்பை மீறி அவரது ஆர்கன் படைப்புகள் இன்று ஒலிக்க ஒரே காரணம், அவை அச்சாகியிருந்தன. அச்சாகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரன்ஸ் பிரைஸ் சாட்சி. அமெரிக்கக் கறுப்பினப் பெண்; நாதியா பிறந்த அதே 1887இல் பிறந்தவர்; 1906இல் பாஸ்டனில் ஆர்கன் படித்துத் தேறியவர்; ஆர்கனுக்கும் இசைக்குழுவுக்கும் நிறைய எழுதியவர். 1953இல் இறந்தார். 2009இல் இல்லினாய் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. கூரை ஒழுகும் அந்த வீட்டை யாரும் வாங்காமல் இருந்திருந்தால் அவையும் போயிருக்கும்.

போடி கூடத்துப் பாட்டுக்குக் காகிதமே இல்லை. விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, தோட்டத்தில் காய் எடுத்து, இருட்டும்போது இறங்கி வரும் பெண்களின் பாட்டுக்கும் இல்லை. அவர்கள் பறித்த காய் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலத்தில் கிலோக் கணக்கில் பதிவாகிறது; எடை, தரம், விலை எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. பாட்டுக்கு மட்டும் இல்லை. “இதெல்லாம் ஒரு பாட்டா?” என்று அந்த அக்கா கேட்டது அடக்கம் அல்ல. யாரும் இதுவரை எழுதி வைக்கவில்லை, அதனால் எழுதத் தகுந்தது அல்ல என்ற கணக்கு. எந்தக் காலத்திலும் எல்லாப் பெண்களுக்கும் சொல்லித்தரப்பட்ட கணக்கு.

மாணவிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாட்டுப்புறப் பாடல் சேகரிக்கப் போகும்போது பாட்டை எழுதும் முன் பாடியவர் பெயரை எழுதுங்கள். ஊர், வயது, வேலை, யாரிடம் கேட்டுப் பழகினார், எந்த அடியை அவரே மாற்றினார் என்று கேளுங்கள். ‘பாடியவர்: ஒரு கூலிப் பெண்’ என்று எழுதிவிட்டு வராதீர்கள். அவரே வேண்டாம் என்றால் பெயரை விடலாம்; நாமாக விடக்கூடாது.

அன்று அந்த அக்கா எனக்குப் பாடவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போனபோது கைப்பேசியில் சிறு கேனனைப் போட்டுக் காட்டினேன். முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். “பின்னாடியே ஒருத்தி வர்றா பாரு” என்றார் ஒருவர். எழுதியவர் ஒரு பெண் என்றும், இது பயனில்லை என்று அவரே சொல்லிவிட்டார் என்றும் சொன்னேன். அந்த அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நோட்டு கொண்டுவந்திருக்கிறேனா என்று கேட்டார்.